‘டக்’ என்று சத்தம் போடுவது யார்?

இரவு எட்டு மணி. நீங்கள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று கரன்ட் போய்விடுகிறது! அடுத்த அறையில் இருக்கும் இன்வெர்ட்டரில் இருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். உடனே விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. நீங்களும் விட்ட இடத்தில் இருந்து எழுத ஆரம்பித்துவிடுகிறீர்கள்.

அந்த ‘டக்’ சத்தத்தைப் போட்டது யார் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா?

ஃபிரிட்ஜ் அல்லது ஏ.சி.க்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஸ்டெபிலைசரும் அவ்வப்போது ‘டக்... டக்...’ என்று சத்தம் போடும். கரன்ட் ஏறி இறங்கும்போது அந்தச் சத்தம் அதிகமாகக் கேட்கும். பெரும்பாலும் இரண்டு இடத்திலும் சத்தம் போடுவது ஒரே ஆள்தான். அவர் பெயர் ரிலே!

இந்த ரிலேயைக் கையில் எடுத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று இன்று பார்க்கப் போகிறோம். பார்ப்பதோடு விடப்போவதில்லை. கரன்ட் போனதும் தானாகவே எரியும் ஒரு குட்டி விளக்கையும் செய்யப் போகிறோம். இருட்டில் தடவித் தடவி நடக்கும் பாட்டியின் கட்டில் பக்கத்தில் வைத்தால், அந்த விளக்கு எவ்வளவு பெரிய உதவி! தயாரா குட்டீஸ்?

குதிரை தந்த பெயர்

ரிலே என்றதும் பள்ளி விளையாட்டு விழாவில் நடக்கும் ரிலே ஓட்டம்தானே நினைவுக்கு வருகிறது? ஒருவர் ஓடி வந்து குச்சியைக் கொடுப்பார். அதை வாங்கிக்கொண்டு அடுத்தவர் புதுத் தெம்போடு ஓடுவார். மோட்டார் வண்டிகள் இல்லாத காலத்தில் குதிரைகளும் இப்படித்தான் ஓடின. தபால் சுமந்த குதிரை களைத்துப்போனால், வழியில் காத்திருக்கும் புதுக் குதிரைக்குத் தபால் மாறும். அந்த மாற்றுக் குதிரைகளைக் குறித்த ஆங்கிலச் சொல்தான் ரிலே.

சரி, அந்தப் பெயர் மின்சாரக் கருவிக்கு எப்படி வந்தது? அதற்குத் தந்திதான் காரணம். அமெரிக்காவில் 1844-ம் ஆண்டு மே 24-ம் தேதி, வாஷிங்டனில் இருந்து பால்டிமோர் நகரத்துக்கு சாமுவேல் மோர்ஸ் தந்திச் செய்தி அனுப்பினார். இரண்டு ஊருக்கும் இடையே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இதைவிட நீளமான கம்பிகளில் ஒரு சிக்கல் இருந்தது. தூரம் போகப் போக மின்சாரம் பலவீனமாகிவிடும், களைத்துப்போன குதிரையைப் போல!

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பலவீனமாக வந்து சேரும் மின்சாரம் ஒரே ஒரு வேலையைச் செய்தால் போதும். அங்கே இருக்கும் ஒரு சுவிட்சை இழுத்து மூட வேண்டும், அவ்வளவுதான். அந்த சுவிட்ச் மூடியதும், அங்கே வைத்திருக்கும் புது பேட்டரி தன் முழு பலத்தோடு செய்தியை அடுத்த ஊருக்கு அனுப்பும். புதுக் குதிரை கிளம்பிவிட்டது!

இந்த யோசனைக்கு முன்னோடி, ஜோசப் ஹென்றி என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1830-களில் அவர் பிரின்ஸ்டன் கல்லூரியில் பாடம் நடத்தியபோது, பெரிய மின்காந்தம் ஒன்றால் கனமான பொருளைத் தூக்கி நிறுத்திக் காட்டுவார். பிறகு, சிறிய மின்சாரத்தால் இயங்கும் இன்னொரு குட்டி மின்காந்தத்தைக் கொண்டு பெரிய காந்தத்தின் மின்சாரத்தைத் துண்டிப்பார். ‘தடால்’ என்று பொருள் கீழே விழும்! சின்ன மின்சாரம் பெரிய மின்சாரத்துக்கு உத்தரவு போட முடியும் என்பதை மாணவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது?

ஒரு இரும்பு ஆணியில் கம்பியைச் சுற்றி, கம்பியின் இரு முனைகளையும் பேட்டரியில் இணைத்தால் ஆணி காந்தமாக மாறும். குண்டூசிகளை இழுக்கும். பேட்டரியை எடுத்துவிட்டால் குண்டூசிகள் விழுந்துவிடும். இதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ரிலேயின் வயிற்றுக்குள் இருப்பதும் இதே ஆணியும் கம்பிச்சுருளும்தான்!

ஆணிக்கு மேலே ஒரு இரும்புத் தகடு இருக்கும். அதை ஒரு ஸ்பிரிங் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும். கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் ஆணி காந்தமாகி, தகட்டை ‘டக்’ என்று இழுக்கும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் தகட்டைப் பழைய இடத்துக்கே ‘டக்’ என்று கொண்டுபோய்விடும். நீங்கள் கேட்ட சத்தம் இதுதான்.

அந்தத் தகடு நகரும்போது ஒரு சுவிட்சும் மாறும். கடைகளில் கிடைக்கும் சாதாரண நீல நிற ரிலேயில் அந்த சுவிட்சுக்கு மூன்று இணைப்புகள் இருக்கும். இந்த மூன்றும் புரிந்துவிட்டால் ரிலே முழுவதும் புரிந்த மாதிரி!

காம்: இது பொது இணைப்பு. நடுவில் நிற்கும்.

என்.சி.: ரிலே தூங்கும்போது காம் இதனோடு சேர்ந்திருக்கும்.

என்.ஓ.: ரிலே விழித்துக்கொண்டதும் காம் இதனோடு சேரும்.

ரயில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ரயில் ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு பாதையில்தான் போக முடியும். இங்கேயும் அப்படித்தான். காம் என்பது ரயில் வந்து சேரும் பாதை. என்.சி., என்.ஓ. இரண்டும் பிரியும் பாதைகள். தடத்தை மாற்றும் ஆள் நம் காந்தம்.

ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனியுங்கள். காந்தத்துக்கு வரும் மின்சாரமும் சுவிட்சில் ஓடும் மின்சாரமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதே இல்லை. நடுவே காந்த விசை மட்டும்தான் தூது போகிறது. அதனால்தான் 5 வோல்ட் மின்சாரத்தால் அதைவிடப் பல மடங்கு பெரிய மின்சாரத்தைக் கட்டுப்படுத்த முடிகிறது.

ரிலே மாட்யூல் எதற்கு?

தனி ரிலே ஒரு சின்னப் பெட்டி. அதை ஒரு அட்டையில் பொருத்தி, துணைக்குச் சில பாகங்களையும் சேர்த்து விற்கிறார்கள். அதுதான் ரிலே மாட்யூல். அந்தத் துணைவர்கள் யார் யார்?

முதலாமவர் டிரான்சிஸ்டர். இப்போது பல பள்ளிகளில் ஆர்டுயினோ என்ற குட்டி கம்ப்யூட்டர் அட்டையை வைத்துப் புராஜெக்ட் செய்கிறார்கள். அதன் ஒரு பின்னில் இருந்து 20 மில்லி ஆம்பியர் வரை எடுப்பதுதான் நல்லது. ஆனால் ரிலேக்கு எவ்வளவு தேவை? கணக்குப் போடுவோம். 5 வோல்ட் ரிலேயின் கம்பிச்சுருளுக்குத் தடை சுமார் 70 ஓம். 5-ஐ 70-ஆல் வகுத்தால் 0.071 ஆம்பியர், அதாவது சுமார் 71 மில்லி ஆம்பியர். அடேங்கப்பா, மூன்று மடங்குக்கும் மேல்! நேராக இணைத்தால் ஆர்டுயினோ பாழாகிவிடும். டிரான்சிஸ்டர் இருந்தால் அதற்குச் சிறிதளவு மின்சாரம் கொடுத்தாலே போதும், மீதி வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

இரண்டாமவர் டயோடு. வேகமாகப் போகும் பேருந்தில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் என்ன ஆகும்? நாம் முன்னால் தள்ளப்படுவோம் அல்லவா? கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினாலும் அது நிற்க மறுத்து முட்டித் தள்ளும். அந்த ஒரு கணத்தில் உண்டாகும் வோல்டேஜ், டிரான்சிஸ்டரையே கெடுத்துவிடக்கூடிய அளவுக்கு எகிறும். டயோடு அந்த மின்சாரத்துக்கு ஒரு சுற்றுப்பாதை கொடுத்து அமைதிப்படுத்துகிறது.

இவர்களோடு ஒரு குட்டி எல்.இ.டி.யும் இருக்கும். ரிலே விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று அது காட்டும்.

கவனம்! கவனம்!

நீல நிற ரிலேயின் தலையில் பெரும்பாலும் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். “அப்படியானால் வீட்டு மின்விசிறியை இதில் இணைக்கலாமே!” என்று உங்கள் மூளை சொல்லும். வேண்டவே வேண்டாம்!

அந்த மின்சாரத்தைப் பெட்டி தாங்கும் என்றுதான் அதற்கு அர்த்தம். நாம் தாங்குவோம் என்று அர்த்தம் இல்லை. மாட்யூலைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் ஈயம் வைத்த இடங்கள் மூடாமல் பளபளவென்று தெரியும். 230 வோல்ட் மின்சாரத்தை இணைத்துவிட்டு அந்த இடத்தில் விரல் பட்டால், பிளக் பாயின்ட்டுக்குள் விரல் விட்டதற்குச் சமம். உயிரே போகலாம். அதோடு, சில மலிவான மாட்யூல்களில் 5 வோல்ட் பக்கத்துக்கும் 230 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே இடைவெளியும் போதாது.

ஆகவே நமக்கு ஒரே விதி: ரிலேயின் இரண்டு பக்கத்திலும் குறைந்த வோல்டேஜ்தான். ஒரு பக்கம் செல்போன் சார்ஜர் தரும் 5 வோல்ட். மறுபக்கம் பேட்டரி தரும் 4.5 வோல்ட். எதையும் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை. முக்கியமாக, சார்ஜரை எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது.

பாட்டிக்கு ஒரு விளக்கு

என்னென்ன வேண்டும்?

* 5 வோல்ட் ரிலே மாட்யூல் - 1
* பழைய செல்போன் சார்ஜர் - 1 (யு.எஸ்.பி. கேபிளைத் தனியாகச் செருகும் பழைய வகை)
* பழுதாகாத பழைய யு.எஸ்.பி. கேபிள் - 1
* டபுள் ஏ பேட்டரி - 3, மூன்றையும் வைக்கும் ஹோல்டர் - 1
* வெள்ளை எல்.இ.டி. - 1
* 100 ஓம் ரெசிஸ்டர் - 1 (பழுப்பு, கருப்பு, பழுப்பு வளையங்கள்)
* சின்ன சுவிட்ச் - 1
* வயர், இன்சுலேஷன் டேப், சின்ன ஸ்குரூ டிரைவர்

எலெக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் கடையில் எல்லாம் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்கள் அப்பாவோடோ அம்மாவோடோ ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய் வரலாம். வரிசையாக இப்படிப்பட்ட கடைகள்தான்!

செய்முறை

1. பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யு.எஸ்.பி. கேபிளை எதிலும் செருகாமல், செல்போனில் செருகும் முனையை வெட்டிவிடச் சொல்லுங்கள். உள்ளே மெல்லிய வயர்கள் இருக்கும். வழக்கமாகச் சிவப்பு 5 வோல்ட், கருப்பு கிரவுண்ட். சில கேபிள்களில் நிறம் மாறியிருக்கலாம். அதனால் மல்டிமீட்டர் வைத்து ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. மற்ற வயர்கள் நமக்கு வேண்டாம். அவற்றின் முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி மூடிவிடுங்கள்.

2. சிவப்பு வயரை மாட்யூலில் வி.சி.சி. என்ற இடத்திலும், கருப்பு வயரை ஜி.என்.டி. என்ற இடத்திலும் இணையுங்கள். சில மாட்யூல்களில் இவற்றுக்குப் பதிலாகக் கூட்டல் குறி, கழித்தல் குறி போட்டிருப்பார்கள்.

3. ஐ.என். என்ற இடத்தில் ஒரு சின்ன வயரைப் பொருத்துங்கள். மறுமுனையை இப்போது எங்கும் இணைக்க வேண்டாம்.

4. இப்போது விளக்குப் பக்கம். பேட்டரி ஹோல்டரின் சிவப்பு வயரை சுவிட்ச் வழியாகக் காம் இணைப்பில் திருகுங்கள். என்.சி. இணைப்பில் இருந்து ஒரு வயரை ரெசிஸ்டருக்கும், ரெசிஸ்டரின் மறுமுனையை எல்.இ.டி.யின் நீளமான காலுக்கும் இணையுங்கள். குட்டையான கால் ஹோல்டரின் கருப்பு வயரோடு சேர வேண்டும். சேர்த்த இடங்களை எல்லாம் டேப் சுற்றி மூடுங்கள்.

5. பேட்டரிகளைப் போட்டு, சுவிட்சைப் போடுங்கள். எல்.இ.டி. எரிகிறதா? எரிய வேண்டும்! ரிலே இன்னும் தூங்குகிறது அல்லவா? காமும் என்.சி.யும் சேர்ந்திருக்கின்றன.

6. கேபிளை சார்ஜரில் செருகி, சார்ஜரைப் பிளக்கில் மாட்டி, சுவிட்சைப் போடுங்கள். ஐ.என். வயரின் முனையை ஜி.என்.டி. இருக்கும் இடத்தில் தொட்டுப் பாருங்கள். ‘டக்’ என்றால் அங்கேதான் அதை நிரந்தரமாக இணைக்க வேண்டும். சத்தம் வரவில்லையா? வி.சி.சி. இருக்கும் இடத்தில் தொட்டுப் பாருங்கள். மாட்யூல்களில் இரண்டு வகை உண்டு என்பதால்தான் இந்தச் சோதனை. இடம் தெரிந்ததும் சார்ஜரைக் கழற்றிவிட்டு, வயரை அந்த இடத்தில் இறுக்கமாகப் பொருத்துங்கள்.

7. மறுபடியும் சார்ஜரை மாட்டுங்கள். ‘டக்!’ எல்.இ.டி. அணையும். சார்ஜரின் சுவிட்சை அணையுங்கள். ‘டக்!’ எல்.இ.டி. எரியும்.

கரன்ட் போனதும் தானே எரியும் விளக்கு தயார்!

ஏன் இப்படி?

கரன்ட் இருக்கும்வரை சார்ஜர் ரிலேயை விழித்திருக்க வைக்கிறது. காம் அப்போது என்.ஓ. பக்கம் போய்விடுகிறது. அங்கேதான் நாம் எதையும் இணைக்கவில்லையே! அதனால் விளக்கு எரியாது, பேட்டரியும் செலவாகாது. கரன்ட் போனதும் காந்தம் விசையை இழக்கிறது. ஸ்பிரிங் தகட்டை இழுத்து, காமை என்.சி.யோடு சேர்க்கிறது. பேட்டரி மின்சாரம் எல்.இ.டி.க்குப் பாய்கிறது.

வேடிக்கை என்ன தெரியுமா? கரன்ட் போன நேரத்தில் விளக்கை எரிய வைப்பது ரிலேயின் உழைப்பு அல்ல, அதன் ஓய்வு! “எல்லாமே நின்றுபோனாலும் எது நடக்க வேண்டும்?” என்று யோசித்து, அதை என்.சி.யில் இணைப்பதுதான் புத்திசாலித்தனம்.

100 ஓம் ரெசிஸ்டர் எதற்கு? மூன்று பேட்டரி சேர்ந்தால் 4.5 வோல்ட். வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட் போதும். மிச்சம் 1.5 வோல்ட். அதை 100-ஆல் வகுத்தால் 0.015, அதாவது 15 மில்லி ஆம்பியர். எல்.இ.டி.க்கு ஏற்ற அளவு. ரெசிஸ்டர் இல்லாவிட்டால் அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்து எல்.இ.டி. கெட்டுப்போகலாம்.

வேலை செய்யவில்லையா?

கவலை வேண்டாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘டக்’ சத்தம் வருகிறது, ஆனால் எல்.இ.டி. எரியவே இல்லை: எல்.இ.டி.யின் கால்களை மாற்றி இணைத்திருப்பீர்கள்.

கரன்ட் இருக்கும்போது எரிகிறது, போனதும் அணைகிறது: என்.சி.க்குப் பதில் என்.ஓ.வில் இணைத்துவிட்டீர்கள்.

‘டர்ர்ர்’ என்று ரிலே நடுங்குகிறது: ஏதோ ஒரு வயர் இறுக்கமாக இல்லை. அல்லது சார்ஜரின் மின்சாரம் போதவில்லை.

சார்ஜரை மாட்டினாலும் சத்தமே இல்லை: சிவப்பு, கருப்பு வயர்களை மறுபடி சோதியுங்கள். சோதிக்கும் முன் சார்ஜரைக் கழற்ற மறக்காதீர்கள்!

இன்னொரு விஷயம். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அதன் மின்சாரம் வரும் பிளக்கில் இந்த சார்ஜரை மாட்டாதீர்கள். அங்கே கரன்ட் போகவே போகாது, விளக்கும் எரியவே எரியாது!

கம்ப்யூட்டருக்குள் ஒரு பூச்சி

சிலிக்கான் சிப்கள் வருவதற்கு முன்பு, ரிலேக்களை வைத்தே கம்ப்யூட்டர் செய்திருக்கிறார்கள் தெரியுமா? ஜெர்மனியில் கொன்ராட் சூஸ் என்ற பொறியாளர் 1941-ல் செய்து முடித்த ‘இசட் 3’ என்ற கம்ப்யூட்டரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரிலேக்கள் இருந்தன. அது கணக்குப் போடும்போது எத்தனை ‘டக் டக்’ கேட்டிருக்கும்!

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ‘மார்க் 2’ கம்ப்யூட்டரும் ரிலேக்களால் ஆனதே. 1947-ம் ஆண்டு செப்டம்பர் 9-ம் தேதி அது சரியாக வேலை செய்யவில்லை. தேடிப் பார்த்தபோது, ஒரு ரிலேக்குள் அந்துப்பூச்சி ஒன்று சிக்கிக் கிடந்தது! பொறியாளர்கள் அந்தப் பூச்சியை எடுத்து, குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டி வைத்தார்கள். இயந்திரக் கோளாறை ‘பக்’, அதாவது பூச்சி என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. நிஜப் பூச்சியே வந்து மாட்டியதும் அவர்களுக்கு ஒரே சிரிப்பு. அந்தக் குறிப்பேடு பூச்சியோடு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

வாரம் ஒரு ‘டக்’

உங்கள் விளக்கை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் பொருத்தி, எல்.இ.டி. மட்டும் வெளியே தெரியும்படி ஓட்டை போடுங்கள். ஒரு எல்.இ.டி. அறை முழுவதற்கும் வெளிச்சம் தராது. ஆனால் செருப்பு எங்கே, கதவு எங்கே, படி எங்கே என்று தெரிய அது போதும். இன்னும் வெளிச்சம் வேண்டுமானால் இன்னொரு எல்.இ.டி.யைச் சேர்க்கலாம். அதற்கும் தனியாக ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சார்ஜரின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். விளக்கு மங்கலாக எரிந்தால் பேட்டரிகளை மாற்றுங்கள். ஊருக்குப் போகும்போது சார்ஜரையும் கழற்றி, டப்பாவின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்த முறை கரன்ட் போகும்போது இருட்டில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கட்டில் பக்கத்தில் குட்டி வெளிச்சம் தெரியும். “யாருடா விளக்குப் போட்டது?” என்று பாட்டி கேட்பார். என்ன பதில் சொல்வீர்கள்? “நான்தான் பாட்டி!” என்றா, “ஸ்பிரிங்தான் பாட்டி!” என்றா?

இரண்டுமே சரிதான் குட்டீஸ்!